ஐம்பத்திரண்டு கிலோவுக்கு உட்பட்ட பெண்கள்

வூஷூ என்பது சீன தேசத்துச் சண்டைக் கலை. அது ஜவ்வாது மலைக்கு வந்து சேர்ந்த வரலாற்றைச் செயலாளர் அருண்ராஜ் விழா மலரில் நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதில் மூன்று பக்கம் அவர் சீனாவுக்குப் போகவிருந்து போகாமல் போன கதை. மீதி ஒரு பக்கத்தில், மலை மண்டலப் பல்விளையாட்டுப் பேரவையின் விழாவில் பதினோரு விளையாட்டுகள் இருந்தாக வேண்டும் என்று மேலிடம் சொன்னதையும், எண்ணிப் பார்த்தபோது பத்துதான் இருந்ததையும், கபடியை இரண்டாக எண்ணலாமா என்று கூட்டம் போட்டுப் பேசிய பிறகு வூஷூவைச் சேர்த்ததையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

புதூர்நாட்டுப் பள்ளி மைதானத்தில் மேடை தயாராக இருந்தது. திருப்பத்தூரிலிருந்து வாடகைக்கு வந்த கல்யாண வரவேற்பு மேடை. அதன் பின்னால் இதய வடிவத்தில் ஒரு தெர்மோகோல் பலகை திருகி வைக்கப்பட்டிருந்தது. திருகைக் கழற்றுகிற ஆள் வரவில்லை. மேடையைச் சுற்றி விடுதி மெத்தைகளைப் பரப்பியிருந்தார்கள். இந்த மேடையில் ஏறிச் சண்டை போட வேண்டும், கீழே விழுந்தால் மெத்தை. சண்டையைப் பற்றி மாதம்மாளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள். மகள் வெண்ணிலா சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, அவளைச் சாப்பிட வைத்து, மாலை ஜீப்பில் கூட்டிப் போவது என்பது ஏற்பாடு. வெண்ணிலாவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. விடுதிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஜெயசுதா சொல்லிக்கொடுத்த வூஷூவில் அவள் காலைத் தூக்கினால் அது ஆள் தலைக்கு மேலே போகும். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உடற்கல்விப் படிப்புக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம் இருந்தது. திங்கட்கிழமைக்குள் மண்டலப் போட்டிச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இடம் அவளுக்கு. கொடுக்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி. ஏஜெண்ட் ஏற்கெனவே வந்து ஊரில் மூன்று பெண்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

இதெல்லாம் மாதம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. அவள் புருஷன் சக்கரவர்த்தி புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து செத்து இரண்டு புளிக்காலம் ஆகிவிட்டது. அன்றைக்கு ஊரே அழுதது. மாதம்மாள் அழவில்லை. கூடைகளை எடுத்து ஓரமாக வைத்தாள், வந்தவர்களுக்குப் பாய் போட்டாள். ஒரு காலை மடித்து வெகுநேரம் உட்கார்ந்தால் அந்தக் கால் யாருடையதோ போல் ஆகிவிடுமே, அப்படி அவளுக்கு உடம்பு மொத்தமும் ஆகிப்போனது. காலாக இருந்தால் உதறிவிடலாம். முழு உடம்பை எப்படி உதறுவது? யார் எதைச் சொன்னாலும் ‘சரி’ என்றாள். சரி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் பேசுவதில்லை. வெண்ணிலாவும் அதன்பிறகு அவளிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை.

காலை பத்து மணிக்குக் கணியம்பாடியிலிருந்து போன் வந்தது. வெண்ணிலாவோடு மோத வேண்டிய பெண் அங்கிருந்துதான் வர வேண்டும். கணியம்பாடி அணியின் வேன் மலை ஏறத் தொடங்கியதும் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஒருத்தி வாந்தி எடுத்திருக்கிறாள். அதைப் பார்த்து மற்றவர்கள் எடுத்திருக்கிறார்கள். கடைசியில் டிரைவரும் எடுத்துவிட்டு வேனைத் திருப்பிவிட்டார்.

“அப்ப நான் ஜெயிச்சதா தானே சார் அர்த்தம்?” என்றாள் வெண்ணிலா.

“ஜெயிச்சதுதாம்மா. யாரு இல்லன்னா?” என்றார் அருண்ராஜ். “ஆனா யாரை ஜெயிச்ச?”

அவர் ஒரு சான்றிதழை எடுத்து விரித்தார். ‘இவர் ________ என்பவரை வென்று’ என்று பொன்னெழுத்தில் அச்சாகியிருந்தது.

“இங்க ஒரு கோடு இருக்குது பாரு. இதைக் காலியா வுட்டா நாளைக்கு ஆடிட்ல நான் இன்னா பதில் சொல்லுவேன்? பொண்ணு காத்தோட சண்ட போட்டுச்சுன்னா?”

“வாக்ஓவர்னு எழுதிடலாமே சார்” என்றார் ஜெயசுதா.

“எழுதலாம் டீச்சர். அடுத்த கோட்டுல அவங்க அப்பா பேரு கேக்குதே. வாக்ஓவருக்கு அப்பா யாரு?”

வெண்ணிலாவின் முகம் சுருங்கியது. அருண்ராஜ் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். வேறு பள்ளிகளின் பெண்கள் கோ-கோ ஆட்டத்தில் இருந்தார்கள். ஒருவர் இரண்டு விளையாட்டில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. அவர் கண் சுற்றிச் சுற்றி, தூக்கோடு நின்ற மாதம்மாள் மேல் வந்து நின்றது.

“இவங்க யாரு?”

“எங்கம்மா சார்.”

“ஏம்மா, உங்களுக்கு வயசு இன்னா?”

“முப்பத்தொம்பது இருக்குங்க.”

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பெண்கள் பொதுப் பிரிவு, வயது பதினெட்டு முதல் என்று இருந்தது. எதுவரைக்கும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கம் ஜெராக்ஸில் விழவில்லை.

“விழாத பக்கத்துல இன்னா சட்டம் இருந்தாலும் அது நம்மளக் கட்டுப்படுத்தாது” என்று தீர்ப்புச் சொன்னார் அருண்ராஜ். “நீங்க ஏறி நில்லுங்கம்மா. பொண்ணு லேசா தட்டும், நீங்க லேசா வுழுவீங்க. கோட்டுல உங்க பேரை எழுதிக்கறோம். உங்க பொண்ணு எதிர்காலம்மா.”

“ம்மா, வேணாம்” என்றாள் வெண்ணிலா.

“சரிங்க” என்றாள் மாதம்மாள்.

எடை பார்க்க வேண்டும். ஒரே எடைப்பிரிவில் இருந்தால்தான் சண்டை. பேரவையின் எடை இயந்திரம் பீரோவில் இருந்தது, பீரோச் சாவி துணைச்செயலாளரிடம் இருந்தது, துணைச்செயலாளர் திருப்பதியில் இருந்தார். ஆகவே புளி வியாபாரி கோவிந்தனின் தராசை அவர் கடையிலிருந்து தூக்கிவந்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள். தராசோடு கோவிந்தனும் வந்தார். தராசை வேறொருவர் தொட அவர் விடுவதில்லை.

வெண்ணிலா ஏறினாள். ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு கிலோவுக்கு உட்பட்ட பிரிவு.

மாதம்மாள் ஏறினாள். ஐம்பத்தேழு.

“போச்சு” என்றார் அருண்ராஜ்.

“இன்னா போச்சு?” என்றார் கோவிந்தன். “இன்னும் கழிவு போவலியே சார்.”

மலையில் யார் புளி கொண்டுபோனாலும் கோவிந்தன் கழிவு போடாமல் எடை சொன்னதில்லை. சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ, தூசிக்கு ஒன்று. அவருடைய வாய், முள் காட்டுவதை அப்படியே சொல்லப் பழகியதில்லை.

“சீலைக்கு ஒண்ணு தள்ளு. காலு ஈரமாக்கீது, அதுக்கு ஒண்ணு. தூசி ஒண்ணு. அம்பத்தி நாலு.”

“அப்படின்னா பொண்ணுக்கும் கழிக்கணுமே” என்றார் அருண்ராஜ். பேரவை பாரபட்சத்துக்கு இடம் கொடுப்பதில்லை. “அதுக்கும் மூணு கழிச்சா அது கீழ்ப்பிரிவுக்குப் போய்டும்.”

கோவிந்தன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். சரக்கைப் பார்க்கிற பார்வை.

“பாப்பா கொட்ட எடுத்த புளி சார். அதுக்குக் கழிவே கெடையாது. மாதம்மா கொட்டப் புளி. ஓடு, நாரு, கொட்ட எல்லாம் போவத்தான் எட. இன்னொரு மூணு தள்ளு. அம்பத்தொண்ணு. எழுதிக்க.”

எழுதிக்கொண்டார்கள். மாதம்மாள் தராசிலிருந்து இறங்கினாள். வருஷா வருஷம் அவள் புளிச் சாக்கிலிருந்து கழித்த கை கோவிந்தனுடையது. அந்தக் கழிவு ஒரு நாளும் அவள் பக்கம் சாய்ந்ததில்லை. இன்றைக்குச் சாய்ந்ததைப் பார்த்துச் சிரிப்பு வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வரவில்லை.

ஜெயசுதா அவளைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய், சேலையை அவிழ்க்கச் சொல்லி, விழாக் குழுவின் டிராக்சூட் ஒன்றைக் கொடுத்தார். முதுகில் ‘தன்னார்வலர்’ என்று எழுதியிருந்தது. நெஞ்சுக்குக் கவசம் கட்டினார். தலைக்கவசம் கொண்டைக்கு மேல் இறங்காததால் கூந்தலை அவிழ்த்துவிட்டார். “பயமா இருக்குதாக்கா?” என்று கேட்டார். மாதம்மாள் யோசித்துப் பார்த்து, “இல்ல டீச்சர்” என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருப்பது, சாவு வீட்டில் அழாமல் இருந்தது போலவே, ஏதோ மரியாதைக்குறைவு என்று பட்டது.

நடுவர் பூவரசன் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட சீன மொழியில் ஏதோ கத்திவிட்டு, “ஆரம்பிங்கம்மா” என்றார். மூன்று சுற்று. இரண்டில் ஜெயிப்பவர் வென்றவர்.

அம்மாவும் மகளும் இதய வடிவப் பலகைக்கு முன்னால் எதிரெதிரே நின்றார்கள். வெண்ணிலாவின் கைகள் முகத்துக்கு முன்னால் இருந்தன. காலைத் தூக்கவில்லை. மாதம்மாள் விழத் தயாராக நின்றாள். லேசாகத் தட்டினால் போதும். வெண்ணிலா தட்டவில்லை.

“தாக்கலன்னா எச்சரிக்கை!” என்றார் பூவரசன். பிறகு எச்சரித்தார். பிறகு இன்னொரு தரம் எச்சரித்தார்.

மாதம்மாள் அவளருகே போனாள். கிட்டே போனால் தள்ளுவாள் என்று நினைத்தாள். வெண்ணிலா தள்ளுவதற்குப் பதிலாக அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிடித்து நிற்பதற்கும் இந்தச் சண்டையில் இடம் உண்டு. மகளின் முடியில் வேர்வையும் தேங்காயெண்ணெயும் வாசம் வீசியது. எத்தனை நாளாகிறது இப்படி என்று மாதம்மாள் நினைப்பதற்குள் பூவரசன் நடுவில் கையை விட்டுப் பிரித்தார்.

“கட்டிப் புடிச்சா ரெண்டே நொடி. அதுக்குள்ள கீழத் தள்ளணும். இல்லன்னா தப்பு.”

முதல் சுற்று மாதம்மாளுக்கு என்று கையைத் தூக்கிவிட்டார். அவள் ஒன்றும் செய்யவில்லை. வெண்ணிலா வாங்கிய எச்சரிக்கைகளே அவளுக்குப் புள்ளிகள் ஆகியிருந்தன. “மலையின் வீரத்தாய்!” என்று அருண்ராஜ் ஒலிபெருக்கியில் கத்தினார். அவருக்குச் சான்றிதழில் இருந்த கோடு மறந்துவிட்டது. கோ-கோ பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் இந்தப் பக்கம் வந்தது.

“யக்கா, வுடாத!” என்று பக்கத்துவீட்டுக் கல்பனா கத்தினாள்.

இரண்டாவது சுற்றில் மாதம்மாள் மேடை ஓரத்துக்குப் போய்க் கீழே இறங்கி மெத்தையில் உட்கார்ந்துகொண்டாள். ஏறச் சொன்னார்கள். ஏறி, மறுபடியும் இறங்கினாள். ஒரே சுற்றில் இரண்டு தரம் கீழே போனால் சுற்று மற்றவருக்கு என்று ஜெயசுதா கொட்டகையில் சொல்லியிருந்தார்.

பேரவை கூடிவிட்டது. இறங்கியதும் விழுந்ததும் ஒன்றா? புகைப்படக்காரரின் கேமராவைப் பார்த்தார்கள். அதில் மாதம்மாள் மேடைக்கும் மெத்தைக்கும் நடுவில் இருந்தாள். அந்த ஒரு கணத்தில் அது விழுவது போலத்தான் இருந்தது. சுற்று வெண்ணிலாவுக்கு. ஆனால் அருண்ராஜ் மேடையேறி மாதம்மாளிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

“தோக்கறதுக்கும் ஒரு மொற இருக்குதும்மா. உங்க இஷ்டத்துக்குத் தோத்தா சட்டம் எதுக்கு? அடுத்த சுத்துல நீங்களா எறங்கினா போட்டியே ரத்து. சான்றிதழ் யாருக்கும் கெடையாது. உங்க பொண்ணு அடிக்கணும், நீங்க வுழணும்.”

“சரிங்க.”

மூன்றாவது சுற்று தொடங்கப்போன நேரத்தில் பேரவைத் தலைவரின் கார் வந்தது. போட்டி நின்றது. விழாவை அவர்தான் தொடங்கி வைக்க வேண்டும். காலையிலிருந்து நடந்த எதுவும் இன்னும் தொடங்கியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மேடையில் குத்துவிளக்கு வைத்தார்கள். அம்மாவும் மகளும் கையுறையோடு இரண்டு பக்கமும் நின்றார்கள். தலைவர் வெண்ணிலாவுக்கு ஒரு சால்வையும் மாதம்மாளுக்கு ஒரு சால்வையும் போர்த்திவிட்டுப் பேசினார்.

“இங்க நடக்கற கராத்தே போட்டிய…” என்று ஆரம்பித்தார். அருண்ராஜ் காதில் சொன்னார். “அந்தப் போட்டிய நான் மனமாரத் தொடங்கி வெக்கறேன். முப்பது வருசத்துக்கு முன்னால நான் மொதமொதல்ல இந்த மலைக்கு வந்தப்போ நேரத்துக்கு ஒரு பஸ் கெடையாது. இன்னிக்கும் கெடையாது. ஆனா இன்னிக்குச் சீனக் கராத்தே இருக்கு! இதுதான் வளர்ச்சி. ஒரே வூட்டுல தாயும் மகளும் அடிச்சுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். கண்ணு கலங்கிடுச்சு. இந்த நெலமைக்கு இவங்களக் கொண்டு வர நாங்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம்னு இவங்களுக்குத் தெரியாது.”

கைதட்டினார்கள். குத்துவிளக்கை எடுத்தார்கள். சால்வைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், பரிசளிப்புக்கும் அவைதான்.

பூவரசன் சீனத்தில் கத்தினார்.

வெண்ணிலா கையைத் தூக்கினாள். கண் நிறையத் தண்ணீர். “முடியலம்மா” என்றாள் பல்காப்புக்குள்ளிருந்து. “ரத்தானா ஆவட்டும். நான் திருப்பூருக்கே போறேன்.”

“எச்சரிக்கை ஒண்ணு!”

மாதம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். திருப்பூர் என்ற சொல் அவளுக்குள் எங்கேயோ போய் விழுந்தது. விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை. நாம் அழுதால் இவள் அடிப்பாள், நாம் கெஞ்சினால் அடிப்பாள் என்று ஒரு கணக்கும் அவளிடம் இல்லை. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை இரண்டு வருஷமாக இருவரும் தொடாமல் வைத்திருந்தார்கள். அவள் கிட்டே போய் மகளைப் பிடித்தாள். இரண்டு நொடி.

“உங்கப்பன் செத்த அன்னிக்கு நான் அழலல்ல?” என்றாள் காதில்.

வெண்ணிலாவின் உடம்பு விறைத்தது.

பூவரசன் பிரித்தார். பிரித்த கைக்கு மேலாக வெண்ணிலா பார்த்தாள்.

“ஏம்மா அழல?” என்றாள். இரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த கேள்வி. “ஒரு சொட்டுகூட வரல உனக்கு. பாய் போட்டுக்கினு இருந்த. நான் மட்டும் தனியாக் கத்திக்கினு இருந்தேன். ஏம்மா?”

“தெரியல” என்றாள் மாதம்மாள். அது நிஜம். “அடி.”

வெண்ணிலாவின் கால் எப்போது எழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கவசத்தில் பட்ட சத்தம் மைதானத்தின் மறுகோடி வரைக்கும் போனது. மாதம்மாள் பின்னால் பறந்து, மேடை விளிம்பைத் தாண்டி, மெத்தையில் மல்லாந்து விழுந்தாள். வானம் ஒரு தடவை சுற்றி நின்றது. விலாவுக்குள் ஏதோ ஒன்று தீப்பிடித்தது போல எரிந்தது.

“ம்மா!” வெண்ணிலா மேடையிலிருந்து குதித்து அவள் மேல் விழுந்தாள். “ம்மா, ம்மா, பட்டுச்சா? ஐயோ, நான் வேணும்னு அடிக்கலம்மா…”

பூவரசன் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தார். “ரெண்டு பேரும் கீழ இருக்கீங்க” என்றார். “ரெண்டு பேரும் கீழ வந்தா புள்ளி யாருக்கும் கெடையாது. மறுபடியும் ஏறுங்க.”

ஜெயசுதா அவரைத் திட்டினார். கல்பனா மண்ணை வாரித் தூற்றினாள். “நீ ஏறி ஒரு ஒத வாங்குடா பாக்கலாம்!” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். தலைவர், “விதி விதிதான்” என்று இளநீர் குடித்தார்.

வெண்ணிலா அசையவில்லை. அம்மாவின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். எழுந்தது மாதம்மாள்தான். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மேடையைப் பற்றி, முழங்காலை ஊன்றி ஏறினாள். ஏறும்போது மூச்சு இழுத்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் விலா ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்றது.

“ஏறுடி” என்றாள்.

“மாட்டேன்.”

“மெதுவா அடிச்சா மூணாவது தரமும் ஏற வெப்பாங்க. நல்லா அடி. அடிச்சுட்டு அங்கியே நில்லு. எறங்கி வராத.”

வெண்ணிலா ஏறினாள். இந்தத் தடவை காலை வாரினாள். மாதம்மாள் சுற்றிக்கொண்டு விளிம்பில் விழுந்து மெத்தைக்கு உருண்டாள். மேடையில் வெண்ணிலா இரண்டு கைகளையும் தன் தோளிலேயே கட்டிக்கொண்டு, விளிம்பிலேயே நின்றாள். “எறங்காத! எறங்காத வெண்ணிலா!” என்று ஜெயசுதா கீழிருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தார். மாதம்மாள் எழாமல் கிடக்க, பூவரசன் சீன மொழியில் எண்ணினார். எட்டு வந்ததும் அடுத்தது என்ன என்று மறந்துபோய், தமிழில் ஒன்பது, பத்து என்று முடித்தார்.

சான்றிதழ் கையில் வந்தபோது மணி நாலரை. ‘இவர் மாதம்மாள் என்பவரை வென்று’ என்று கோடு நிரம்பியிருந்தது. அடுத்த கோட்டுக்காக மாதம்மாளின் அப்பா பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அருண்ராஜ் மாதம்மாளுக்கும் ஒரு வெள்ளிப் பதக்கம் போட்டார். அடுத்த வருஷம் எட்டு அம்மாக்களையாவது தயார் செய்ய வேண்டும் என்று தலைவரிடம் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

சின்னராஜின் ஜீப்பில் உள்ளே பதினாலு பேர், பின்னால் தொங்கியபடி நாலு பேர். சேலை மாற்றிக்கொண்டு வந்த மாதம்மாளுக்கு முன்சீட்டு கொடுத்தார்கள். அவள் மடியில் பதக்கம். வெண்ணிலா அவளுக்கும் ஜீப் ஓட்டும் சின்னராஜுக்கும் நடுவில் நெருக்கி உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட சான்றிதழை மடங்காமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள். முதல் பள்ளத்தில் ஜீப் இறங்கி ஏறியது. மாதம்மாளின் விலா சுருக்கென்றது.

“வலிக்குதாம்மா?” என்றாள் வெண்ணிலா.

சரி என்று சொல்லப் பார்த்தாள் மாதம்மாள். அந்தக் கேள்விக்கு அது பதிலாகாது.

“வலிக்குதுடி” என்றாள். அடுத்த பள்ளத்தில் இன்னொரு தரம் சொன்னாள். “ரொம்ப வலிக்குதுடி.” சொல்லச் சொல்ல அது விலாவில் நிற்கவில்லை. மேலே ஏறியது. பிறகு உடைத்துக்கொண்டு வந்தது. ஊரார் இரண்டு வருஷத்துக்கு முன் எதிர்பார்த்துக் காத்திருந்த அந்தச் சத்தம், பாதி வழியில், ஜீப்பின் முன்சீட்டில், எல்லோரும் பார்க்க வந்தது. வெண்ணிலா ஒரு கையால் சான்றிதழையும் மறுகையால் அம்மாவின் தலையையும் பிடித்துக்கொண்டாள். இரண்டு நொடி என்று யாரும் எண்ணவில்லை.

சின்னராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

“அழாதக்கா” என்றார் சாலையைப் பார்த்துக்கொண்டே. “வெள்ளி வாங்கறதே பெரிசு.”

“ஆமாக்கா” என்றாள் பின்னாலிருந்து கல்பனா, தானும் மூக்கைச் சிந்திக்கொண்டு. “மொத சுத்துல நீதானே ஜெயிச்ச? அடுத்த வருசம் வுட்டதப் புடிக்கலாம்.”

ஜீப்பில் இருந்த எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மாதம்மாள் அவர்களைத் திருத்தவில்லை. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, ஊர் வரும்வரை அழுதுகொண்டே போனாள்.